ஒரு வேட்டியோடு மந்தைவெளிக்கு: வெள்ளக்கடையிலிருந்து மூன்று நாள் சென்னைப் பயணம்

இந்தப் பக்கத்தில் இதுவரை நான் எழுதியதெல்லாம் ஏற்காட்டுக்கு வருகிறவர்களுக்காக. எந்த பஸ்ஸில் ஏறலாம், குப்பனூர் வழியாக வண்டியில் வந்தால் பிரேக்கை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும், மழைக்காலத்தில் எந்தப் பக்கம் அட்டை கடிக்கும் என்று எழுதுவேன். இந்த முறை மலையிலிருந்து இறங்கிச் சென்னைக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கும் இதில் கொஞ்சம் இருக்கும். ஆனால் நான் சுற்றிப் பார்க்கப் போகவில்லை.

என் வீட்டுக்காரர் மாதையன் சென்னை மந்தைவெளியில் ஓர் அபார்ட்மென்டில் நான்கு வருடம் வாட்ச்மேனாக இருந்தார். அதற்கு முன் இங்கே எஸ்டேட்டில் மிளகு பறிக்கிற வேலை. மூங்கில் ஏணி வழுக்கி விழுந்து முட்டி போன பிறகு மரம் ஏற முடியவில்லை. போன கார்த்திகையில் ஒரு காலை, டியூட்டி முடிய அரை மணி நேரம் இருக்கும்போது, கேட்டுக்கு வெளியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆம்புலன்சில் போகும்போதே உயிர் போய்விட்டது. மறுநாள் இலவச அமரர் ஊர்தியில் மலைமேல் எங்கள் ஊரான வெள்ளக்கடைக்குக் கொண்டு வந்தார்கள். எங்கள் சனத்துக்கு உள்ள இடத்தில் புதைத்தோம்.

எங்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. உயிர் பிரிகிற நேரத்தில் வாயில் கடைசியாகத் தண்ணீர் விட்டவர் யாரோ, அவருக்குப் பதினாறாம் நாள் காரியத்தில் புதுத் துணி எடுத்துக் கொடுப்போம். ஆணாக இருந்தால் வேட்டி, பெண்ணாக இருந்தால் சேலை. வீட்டில் சாகிறவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. மகனோ மனைவியோ பக்கத்து வீட்டாரோ இருப்பார்கள். என் வீட்டுக்காரர் விஷயத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஊர்தி ஓட்டி வந்தவர் மட்டும், "யாரோ ஒருத்தர் மடியில தலைய வெச்சிட்டு உக்காந்திருந்தாங்களாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆள் தண்ணீரும் விட்டிருப்பார் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். வேட்டி எடுத்து இலையில் வைத்தோம். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

பங்காளிகளில் பெரியவர் சொன்னார், "தேடிப் புடிச்சுக் குடுத்துரோணும் கண்ணு. அதுவரைக்கும் காரியம் முடியாமத்தான் நிக்கும்."

எனக்கு வேட்டியைவிட வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. தாகத்தோடு போனாரா, தாகம் தீர்ந்து போனாரா. அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. காப்பிப் பழம் பறிப்பு முடிந்ததும், தை மாதக் கடைசியில் கிளம்பினேன்.

முதல் நாள். காலை ஐந்தே முக்காலுக்கு என் கொழுந்தனார் பழனி வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். குப்பனூர் வழியாக இறங்கினோம். சேலம் ஜங்ஷனுக்கு நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ஒன்றரை மணி நேரம் ஆனது. பனியில் கண்ணாடி மங்கிப்போய், அவர் தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டினார்.

"ஏனுங்க அண்ணி, அங்க போயி யாரத் தேடுவீங்க? கோடி சனம் இருக்குற ஊருங்க அது."

"கோடில ஒருத்தருதான தண்ணி வுட்டிருப்பாரு தம்பி? அவரு ஒருத்தரு போதும்."

"அப்ப அந்தப் பையக் கெட்டியாப் புடிச்சுக்குங்க. சென்ட்ரல்ல கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள உங்க வேட்டி வேற ஒருத்தன் இடுப்புல இருக்கும்."

இரண்டு மாதத்தில் அன்றுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த உடனே வெட்கமாகவும் இருந்தது.

எட்டரைக்கு மேல் ரயில். உட்கார்ந்து போகிற பெட்டியில் முன்பதிவுடன் நூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்தது. ஐந்தரை மணி நேரப் பயணம். ஜோலார்பேட்டை தாண்டும் வரை ஜன்னலில் ஏதாவது ஒரு மலை கூடவே வரும். காட்பாடிக்குப் பிறகு அதுவும் போய்விடுகிறது. மலையில் பிறந்தவர்களுக்கு அந்த இடத்தில் வயிற்றில் ஒரு மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், பசி என்று நினைத்துக்கொண்டு இட்லி வாங்கிச் சாப்பிடுங்கள். நான் வாங்கினேன், சாப்பிட முடியவில்லை.

மதியம் இரண்டு மணிக்குச் சென்ட்ரல். வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. தை மாதத்தில் இப்படி ஒரு வெயில். சாலையைக் கடக்கப் பார்க்காதீர்கள், சுரங்கப்பாதை இருக்கிறது. அதில் இறங்கி ஏறி பூங்கா நகர் ஸ்டேஷன் என்று கேளுங்கள். அங்கிருந்து பறக்கும் ரயில் போகிறது. பறக்கும் ரயில் என்றால் பறக்காது, தூண் மேல் பாலம் போட்டு ஓட்டுகிறார்கள். மந்தைவெளிக்கு டிக்கெட் ஐந்து ரூபாய்தான். ஏற்காட்டில் ஒரு டீ பதினைந்து ரூபாய்.

அந்த ரயிலில் போனால் ஊரை முதுகுப் பக்கமாகப் பார்க்கலாம். முன்பக்கம் கண்ணாடிக் கட்டடமாக இருப்பதற்குப் பின்பக்கம் துணி காய்கிறது, பைப் ஒழுகுகிறது, ஏ.சி. மிஷின் சூட்டை ஊதுகிறது. கீழே ஒரு வாய்க்கால் கூடவே வருகிறது. கருத்த தண்ணீர். என் வீட்டுக்காரர் போனில் இந்த ஊரைப் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்தது. "இதும் ஒரு எஸ்டேட்டுதான் புள்ள. மேனேஜர் இருக்காரு, கணக்கெழுத ரைட்டர் இருக்காரு, காலைல பேரு கூப்புடறாங்க, லைன் ஊடு இருக்குது. நெழல் மரந்தான் இல்ல." நான் அப்போது கேலிக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மேலேயிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. பெரிய பங்களாக்கள் ஒரு பக்கம். அதற்கு வேலை செய்கிறவர்களின் லைன் வீடுகள் தண்ணீர் ஓரம்.

மந்தைவெளியில் இறங்கி ஒரு கடைக்காரரிடம் அபார்ட்மென்ட் பெயரைச் சொல்லி, "மேல போவோணுங்களா, கீழ போவோணுங்களா?" என்று கேட்டேன். எங்கள் மலையில் அப்படித்தான் கேட்போம். அவர், "எத்தினியாவது மாடின்னு எனக்கு எப்டிமா தெரியும்?" என்றார். சுற்றிப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது, இந்த ஊரில் மேலும் இல்லை கீழும் இல்லை. தோசைக்கல் மாதிரி கிடக்கிறது. இங்கே வழி கேட்டால் "பீச் பக்கமா, ரயில் பக்கமா" என்று கேளுங்கள்.

அபார்ட்மென்ட் ஐந்து மாடி. கேட்டில் புதிதாக ஒரு வாட்ச்மேன். சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். சூப்பர்வைசர் மரியாதையாகத்தான் பேசினார். மாடிப்படிக்குக் கீழே என் வீட்டுக்காரர் தங்கியிருந்த இடத்தைக் காட்டினார். கதவு என் நெஞ்சு உயரம். "சேர்வராயன் கோயிலாட்டம் குனிஞ்சுதான் உள்ள போவோணும்" என்று போனில் சொல்வார். அந்தக் கோயில் மலை உச்சியில் குகைக்குள் இருப்பது. எல்லாரும் தலையைக் குனிந்துதான் நுழைய வேண்டும். இங்கே நான் குனிந்து பார்த்தேன். உள்ளே இப்போது இன்னொருவருடைய பாய், இன்னொருவருடைய சீப்பு.

"அன்னிக்கு நான் வேற எடத்துல இருந்தேம்மா" என்றார் சூப்பர்வைசர். "எதிர்ல டீக்கடைல கேளுங்க. அவர் பாத்தாரு."

டீக்கடைக்காரர் பார்த்திருந்தார். எத்தனை மணி, என்ன சட்டை, எந்தப் பக்கம் விழுந்தார் என்று எல்லாம் சரியாகச் சொன்னார். "கிட்ட போகலையாங்க?" என்று கேட்டேன். பால் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு, "போயிருக்கணும்மா. கேஸு, சாட்சின்னு இழுப்பாங்களோன்னு நின்னுட்டேன். பத்து பேரு நின்னோம். தெனம் எங்கிட்டதான் டீ குடிப்பாரு மனுஷன்" என்றார். பிறகு, "கஸ்தூரிதான் உக்காந்துச்சு. ரோடு பெருக்குற பொம்பள. அதுதான் மடில போட்டுக்கிச்சு. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வரும், பாருங்க" என்று சொல்லி எனக்கு டீ கொடுத்தார். காசு வாங்கவில்லை.

பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். கஸ்தூரி என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு பெண் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கையில் இருப்பது வேட்டி. "பொம்பளைங்களுக்குச் சேலைதானுங்க குடுக்கோணும்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். "அத்தோட வூட்டுக்காரன் கட்டிக்குவான், வுடுமா" என்றார் டீக்கடைக்காரர்.

ராத்திரி தங்க மயிலாப்பூரில் லாட்ஜ் தேடினேன். முதல் லாட்ஜில், "தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் இல்ல" என்று முகத்தைப் பார்க்காமலே சொன்னார்கள். இரண்டாவதில் ஆதார் வாங்கி, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டு, எழுநூறு ரூபாய்க்கு ஒரு ரூம் கொடுத்தார்கள். சுத்தமாக இருந்தது. இந்த மாதிரி சாவுக் காரியமாகப் போகிற பெண்கள் துணைக்கு ஆள் இல்லாவிட்டாலும், சாவுச் சான்றிதழ் நகலைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காட்டியதும் கேள்வி நின்றுவிடுகிறது.

இரண்டாம் நாள். காலை ஆறு மணிக்குத் தெருவில் நின்றேன். பச்சைக் கோட்டும் தோளில் துண்டும் போட்ட ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், நீளத் துடைப்பத்தால் நடைபாதையைப் பெருக்கிக்கொண்டு வந்தாள்.

"நீங்கதானுங்களா கஸ்தூரி?"

"ஆமா, இன்னா? குப்பையா? வண்டி பின்னால வருது, அதுல போடு."

"நான் மாதையன் சம்சாரமுங்க. மலைல இருந்து வாரேன்."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள். "வாக்கா" என்றாள். நடைபாதை விளிம்பில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவர் விழுந்த இடம் அதுதான் என்று பிறகு சொன்னாள்.

நான் எங்கள் வழக்கத்தைச் சொல்லி, பையிலிருந்து வேட்டியை எடுத்து, மேலே வெற்றிலை பாக்கு வைத்து இரண்டு கையாலும் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"எதுக்குக்கா இது?"

"அவருக்குத் தண்ணி வுட்டதுக்குங்க."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நான் வுடலியேக்கா" என்றாள்.

பிறகு சொன்னாள். "கேட்டாரு. ரெண்டு வாட்டி கேட்டாரு. தண்ணி, தண்ணின்னு. பாட்டில் என் கைலதான் இருந்துச்சு. மூடியக் கூடத் தெறந்துட்டேன். ஆம்புலன்ஸுக்கு போன் போட்டிருந்தோம்ல, அதுல இருந்த பொண்ணு சொல்லிச்சு, வாயில எதுவும் குடுக்காதீங்க, பொர ஏறிடும், உசுருக்கே ஆபத்துன்னு. வண்டி இதோ வந்துடும்னு சொல்லிச்சு. வண்டியும் சீக்கிரமாத்தான் வந்துச்சு. பொழச்சிக்குவாருன்னு நெனச்சி மூடிட்டேங்க்கா."

இதைக் கேட்க நான் முந்நூற்றைம்பது கிலோமீட்டர் வந்திருந்தேன். என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, "கேட்ட வாய்க்குத் தண்ணி குடுக்காத கை வெளங்குமா?" என்று சொல்லிவிட்டேன். தெருவில் நடக்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. நான் வேட்டியைப் பையில் திணித்துக்கொண்டு நடந்தேன்.

எந்தப் பக்கம் நடந்தேன் என்று எனக்குத் தெரியாது. நான்கைந்து தெரு திரும்பிய பிறகு பார்த்தால் எல்லாத் தெருவும் ஒரே மாதிரி. எஸ்டேட்டில் வழி தப்பினால் சின்னப் பிள்ளைகளுக்குக் கூடச் சொல்லிக் கொடுத்திருப்போம்: ஓடையைப் பிடி, தண்ணீர் போகிற பக்கம் இறங்கு, ரோடோ ஊரோ வந்துவிடும். நானும் அதைத்தான் செய்தேன். பறக்கும் ரயில் தூணுக்கு அடியில் அந்த வாய்க்கால் தெரிந்தது. எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியவில்லை. ஒரு வேப்பிலைக் கொத்தைப் பறித்துப் போட்டுப் பார்த்தேன். போட்ட இடத்திலேயே நின்றது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன், அசையவே இல்லை. சரி, ஏதோ ஒரு பக்கம் என்று நடந்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்திருப்பேன். சில இடத்தில் ஓரமாகப் பாதை இருக்கிறது, சில இடத்தில் சுவர் மறிக்கிறது, சுற்றிக்கொண்டு வர வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கலாம். ஆனால் அந்தத் தண்ணீர் ஓரத்திலும் வீடுகள் இருக்கின்றன, வாசலில் கோலம் இருக்கிறது, ஒரு பெண் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு பாலத்துக்குக் கீழே ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ரெண்டு வாட்டி இங்கியே சுத்துற, எங்கம்மா போணும்?"

"இந்தத் தண்ணி எங்க போவுதோ அங்கீங்க."

அவர் சிரித்தார். "இது எங்கியும் போவாதும்மா. நான் பொறந்ததுலேர்ந்து இங்கியேதான் கீது."

பிறகு அவர்தான் இந்த ஊரின் அமைப்பைச் சொன்னார். உங்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன். கிழக்கே முழுக்கக் கடல். அந்த வாய்க்கால் கடலுக்குப் போவதில்லை. கடல் கூடவே, அதற்கு இணையாக, வடக்கும் தெற்குமாகக் கிடக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் படகு விட வெட்டியதாம். ரயிலும் பெரிய ரோடுகள் பலவும் அதே போக்கில்தான். அதனால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நடந்தால் நாள் முழுக்க நடக்கலாம், கடல் பக்கத்திலேயே இருக்கும், போய்ச் சேர மாட்டோம். குறுக்கே திரும்ப வேண்டும். காலையில் சூரியன் இருக்கிற பக்கம் நடந்தால் போதும். இதை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு நூற்றிருபது ரூபாய் கேட்டு, நூறுக்குக் கூட்டிப் போனார். போகும்போது, "யாரையாவது தேடி வந்தியாம்மா?" என்று கேட்டார். "தேடிட்டேங்க" என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது இந்த ஊர்க்காரர்களின் குணம். அது நல்லதா கெட்டதா என்று இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை. என் வீட்டுக்காரர் விழுந்தபோது பத்துப் பேர் கேட்காமல் நின்றார்கள். அன்று கடற்கரையில் நான் அழுதபோதும் யாரும் கேட்கவில்லை. எங்கள் லைனில் என்றால் பத்துப் பேர் வந்து உட்கார்ந்து, யார் மேல் தப்பு என்று பேசியிருப்பார்கள்.

கடல் பற்றி. "ஒண்ணும் பெருசில்ல புள்ள. சேர்வராயன் கோயில்ல நின்னு, பனி மூடுன காலைல கீழ பாத்தா இருக்குமே, அதேதான். இது சத்தம் போடுது, அது போடாது, அவ்வளவுதான்" என்று என் வீட்டுக்காரர் போனில் சொல்வார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மணலில் நடக்கச் செருப்பைக் கழற்றிவிடுங்கள், ஆனால் கண்ணாடிச் சில்லு பார்த்து நடங்கள். கரையோரம் மீனவர்களின் குடியிருப்பு, படகு, வலைக் குவியல். காலை பத்து மணிக்கு மேல் நிழலே கிடையாது. குடிக்கத் தண்ணீர் பாட்டில் இருபது ரூபாய். அதை வாங்கி வாயருகே கொண்டு போனபோதுதான் எனக்கு ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்தது.

பல வருடத்துக்கு முன் எங்கள் எஸ்டேட்டில் ஒருவர் சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்தார். கிளை கழிக்க ஏறியவர். நான் பக்கத்தில் காப்பி பறித்துக்கொண்டிருந்தேன். ஓடிப் போய், அரை மயக்கத்தில் கிடந்தவரின் தலையைத் தூக்கி, என் தூக்குப் போசியிலிருந்து தண்ணீர் விட்டேன். ஒரு வாய் உள்ளே போனது. அடுத்தது வெளியே வந்தது. இருமினார். இருமல் நிற்கவில்லை. முகம் கறுத்து, என் கையிலேயே அடங்கிப்போனார். எல்லாரும், "புண்ணியவதி, தண்ணியோட அனுப்பி வெச்ச" என்றார்கள். பதினாறாம் நாள் எனக்கு ஒரு மஞ்சள் சேலை கொடுத்தார்கள். அதைச் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் கட்டிக்கொண்டு போனேன்.

தண்ணீர்தான் அவரைக் கொன்றது என்று நான் சொல்ல முடியாது. உயரத்திலிருந்து விழுந்தவர். எந்த டாக்டரும் பார்க்கவில்லை. ஆனால் அந்த இருமல் எனக்குத் தெரியும். "பொர ஏறிடும்" என்று கஸ்தூரி சொன்ன உடனே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்ததோ என்னவோ.

வெயில் தாங்காமல் லாட்ஜுக்குத் திரும்பிவிட்டேன். இந்த ஊரில் நகரப் பேருந்துகளில் முன்பக்கம் பிங்க் நிறம் அடித்தவற்றில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதில்தான் வந்தேன். இன்னொரு நாள் ரூமுக்கு இன்னொரு எழுநூறு.

மூன்றாம் நாள். மறுபடியும் ஆறு மணி, அதே தெரு. என்னைப் பார்த்ததும் கஸ்தூரி பெருக்குவதை நிறுத்தவில்லை.

"இன்னும் எதுனா திட்டணுமாக்கா? திட்டு. அந்த எலந்த மரம் வரைக்கும் பெருக்கிட்டு வந்துடுறேன்."

மரம் வரை நானும் பின்னாலேயே போனேன். மரத்தடியில் நின்று அந்தப் பழைய கதையை முழுக்கச் சொன்னேன். மஞ்சள் சேலை கட்டிக்கொண்டதையும் சொன்னேன். இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. துடைப்பத்தின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"தண்ணி குடிச்சப்போ அந்த ஆளு மூஞ்சி எப்டி இருந்துச்சு?"

நான் யோசித்தேன். "மொத வாய்க்கு நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். நான், "நேத்து நான் சொன்னது தப்புங்க. சொன்ன சொல்ல அள்ள முடியாது. ஆனாத் தப்புங்க" என்றேன். அவள், "ரெண்டு மாசமா நானே எனக்குச் சொல்லிக்கினுதான் இருந்தேன். நீ புச்சா ஒண்ணும் சொல்லல" என்றாள்.

வேட்டியை மறுபடி எடுத்தேன். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாளே, அது போதும் என்று எனக்குப் பட்டது. அவளுக்குப் படவில்லை.

"வேணாங்க்கா. இத்த வாங்குனா நான் குடுத்தேன்னு ஆயிடும். நான் குடுக்கலியே. பொய் சொல்லி அந்த மனுஷன் பேருல துணி வாங்க மாட்டேன்."

கட்டாயப்படுத்தவில்லை. கூட நான் கொண்டு போயிருந்த அரைக்கிலோ காப்பித் தூளை மட்டும் எடுத்து மோந்து பார்த்தாள். "சிக்கரி கலந்ததா?" "இல்லீங்க, எங்க ஊட்டுத் தூளு." "அப்பக் குடு" என்று கோட்டுப் பாக்கெட்டில் திணித்தாள். பாக்கெட்டில் பாதிதான் போனது.

முந்தின நாள் கோபத்தில் கேட்காமல் விட்டதைக் கேட்டேன். "தண்ணி தவிர வேற ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"சொன்னாரு. கேட்டுக் கதவு தெறந்து கெடக்குதுன்னாரு. ரெண்டு மூணு வாட்டி கையக் காட்டினாரு. நான் எந்திரிச்சுப் போயி சாத்திட்டு வந்து மறுபடி மடில வெச்சுக்கினேன். அப்பறம் பேசல."

பிள்ளைகள் பேரோ என் பேரோ வரவில்லை. அந்த கேட்டுக் கதவுதான் வாயில் வந்தது. நான்கு வருடம் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டதில் ஒன்றாவது நடந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் சென்ட்ரலில் ரயில் ஏறி, இரவு ஏழு மணிவாக்கில் சேலம் வந்தேன். பழனி வண்டியோடு நின்றார். வேட்டியைப் பார்த்துவிட்டுப் பையை வாங்கி வண்டியில் வைத்தார். வீட்டில் பெரியவர் கேட்டார். "வாங்கலியா கண்ணு?" "இல்லீங்க." "அப்ப தண்ணி?" "வுடலீங்க. ஆனா தனியா இருக்கல." காரியம் முடிந்ததா இல்லையா என்று அவரும் சொல்லவில்லை. முடியவில்லை என்றுதான் நான் வைத்திருக்கிறேன். தாகத்தோடுதான் போனார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் போனேன், தெரிந்துகொண்டேன். இப்போது சோறு இறங்குகிறது. நிம்மதி என்று அதைச் சொல்ல முடியாது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மூன்று நாளைக்கு, சிக்கனமாக இருந்தால், ஒரு ஆளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் போதும். மாசி பிறப்பதற்கு முன் போய் வந்துவிடுங்கள். அதன் பிறகு மலைக்காரர்களுக்கு அந்த வெயில் ஆகாது. ஆதார், செத்தவரின் போட்டோ, சான்றிதழ் நகல் மூன்றையும் கையில் வைத்திருங்கள். காலையில் தெருவில் வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள். ஆபீசில் இருக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வேலைக்கு உங்கள் ஆளை அங்கே அனுப்பியிருந்தால், அவர் நன்றாக இருக்கும்போதே ஒரு முறை போய், தங்கியிருக்கும் இடத்தைப் பார்த்துவிடுங்கள். நான்கு வருடத்தில் நான் ஒரு தரம் கூடப் போகவில்லை. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று விட்டேன்.

கடைசியாக ஒன்று. ஏற்காட்டில் நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் இதைக் கேட்டேன். ஆம்புலன்ஸ் போனில் சொன்னது சரிதானாம். நெஞ்சு வலித்து விழுந்தவருக்கும் மயக்கத்தில் கிடப்பவருக்கும் வாயில் தண்ணீர் விடக் கூடாது. நம் மலையில் எல்லாரும் அதைத்தான் முதலில் செய்கிறோம், இனிமேல் செய்யாதீர்கள். ஆனால் சுத்தமான துணியை நனைத்து, பிழிந்து, உதட்டை ஈரம் பண்ணலாமாம். உள்ளே இறங்காத அளவுக்கு, நாக்கு நனைகிற மாதிரி. அதனால் கெடுதல் இல்லையாம், தவிப்பு கொஞ்சம் அடங்குமாம். அன்று கஸ்தூரி கையில் பாட்டில் இருந்தது, தோளில் துண்டும் இருந்தது. அவளுக்குத் தெரியாது.

கஸ்தூரி மாதம் ஒரு முறை போன் செய்கிறாள். அவளுக்கு எழுத்துப் படிக்க வராது, அதனால்தான் தைரியமாக இங்கே எழுதுகிறேன். உங்களில் யாராவது மந்தைவெளிப் பக்கம் போய், காலை ஆறு மணிக்குப் பச்சைக் கோட்டு போட்டுப் பெருக்குகிறவர்களைப் பார்த்தால் நன்றாகப் பேசுங்கள். துணி நனைத்து உதட்டை ஈரம் பண்ணலாம் என்ற இந்த விஷயத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.